பரீட்சைப் பயம் யாருடையது?

விஜயதசமி நாளில் ஆலய மண்டபத்திலே ஏடு தொடக்கும் வைபவம் நடைபெறும். தாம்பாளத்திலே பச்சையரிசி பரப்பியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து, குருக்கள் முதலெழுத்தை எழுதுவிப்பார். சில பிள்ளைகள் அழும். சில பிள்ளைகள் அரிசியை அள்ளி வாயிற் போட்டுக்கொள்ளும். சுற்றி நிற்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள். எழுத்துக் கோணி விட்டதென்று அங்கே எவரும் பிள்ளையைக் கோபிப்பதில்லை. கல்வியின் முதல் நாள் இவ்வாறு மகிழ்ச்சியோடு தொடங்குகிறது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகுமுன், அதே பிள்ளை அதே மண்டபத்துக்கு வருகிறது. அர்ச்சனைத் தட்டிலே தேங்காய், பழத்தோடு பேனையும் அனுமதி அட்டையும் இருக்கின்றன. பிள்ளையின் கை குளிர்ந்து போயிருக்கிறது. முதல் நாள் இரவு நித்திரையில்லை. காலையில் ஒரு வாய் சாப்பாடும் இறங்கவில்லை. திருநீற்றைப் பூசும்போதும் உதடுகள் பாடக் குறிப்பையே முணுமுணுக்கின்றன.

இந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு இடையில் நடந்தது என்ன? அரிசியில் எழுதியபோது இல்லாத அச்சம் கடதாசியில் எழுதும்போது எங்கிருந்து வந்தது? அது உண்மையில் யாருடைய அச்சம்? அதை நீக்கும் கடமை யாரைச் சாரும்? இவை உளவியலாளருக்கு மட்டும் உரிய வினாக்களல்ல. பிள்ளையை வளர்ப்பவர், கற்பிப்பவர், புகழ்பவர், பழிப்பவர் யாவருக்கும் உரிய அறவினாக்களாகும்.

அச்சத்தின் அளவும் தன்மையும்

பரீட்சைக்கு முன் தோன்றும் பதற்றம் முழுவதும் தீயதன்று. 1908ஆம் ஆண்டில் யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் எலிகளை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினர். தூண்டல் மிகக் குறைந்தால் கற்றல் மந்தமாகிறது என்றும், கடினமான வேலையிலே தூண்டல் மிக அதிகரித்தாலும் கற்றல் கெட்டுவிடுகிறது என்றும் அவர்கள் கண்டனர். கறிக்கு உப்பைப் போல, பதற்றமும் அளவோடு இருக்கும்போது பயன் தருகிறது. பரீட்சை நெருங்குகிறதே என்ற எண்ணந்தான் விளையாட்டிலிருந்து பிள்ளையை எழுப்பி மேசைக்குக் கொண்டுவருகிறது.

தீங்கு செய்வது வேறொன்று. 1967ஆம் ஆண்டில் லீபேர்ட், மொறிஸ் ஆகிய ஆய்வாளர்கள் பரீட்சைப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்து நோக்கினர். நெஞ்சு படபடத்தல், உள்ளங்கை வியர்த்தல், வயிற்றைப் புரட்டுதல் முதலிய உடற் பரபரப்பு ஒன்று. ‘பிழைத்தால் என்ன நடக்கும், வீட்டில் என்ன சொல்லுவார்கள், மற்றவன் எல்லாவற்றையும் எழுதிவிட்டானோ’ என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கவலை மற்றையது. உடற் பரபரப்பு வினாத்தாளை வாசித்து எழுதத் தொடங்கியதும் பெரும்பாலும் தணிந்துவிடும். கவலை தணியாது. புள்ளிகள் குறைவதோடு கூடுதலாகத் தொடர்புடையது இந்தக் கவலையே என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அதன் காரணம் விளங்கக் கூடியதே. ஒரு நேரத்தில் மனம் கையாளக்கூடிய விடயங்கள் சிலவே. அது ஒரு சிறிய மேசையைப் போன்றது. மேசையின் பாதியிலே வீட்டாரின் முகங்களைப் பரப்பி வைத்தால், கணக்கைப் பரப்புவதற்கு மிஞ்சிய பாதிதான் உண்டு. நன்றாகத் தெரிந்த சூத்திரமும் அந்நேரம் கைக்கு எட்டாமற் போவது அதனாலேயே. மணி அடித்து விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்ததும் அதே சூத்திரம் தானாக நினைவுக்கு வருகிறது.

இதைப் பழந்தமிழரும் அறிந்திருந்தனர். திருக்குறளில் கல்வி 40ஆவது அதிகாரம். அவையஞ்சாமை என்பது 73ஆவது அதிகாரம். கற்றவர் சபைக்கு முன் அஞ்சி நிற்கும் நிலையை அந்த அதிகாரம் பேசுகிறது. கல்வி தானாகவே அச்சத்தை நீக்கிவிடுமானால் வள்ளுவருக்கு அத்தகைய தனி அதிகாரம் தேவைப்பட்டிராது. கற்பது ஒன்று, கற்றதைப் பிறர் முன் வைக்கும் துணிவு மற்றொன்று. இரண்டும் தனித்தனியே வளர்க்கப்பட வேண்டியவை.

ஆகவே அச்சத்தின் வேர்களைத் தேட வேண்டும். ஆராய்ந்து பார்த்தால் வேர்கள் இரண்டு தென்படும். ஒன்று பிள்ளையின் படிப்பு முறையில் இருக்கிறது. மற்றையது வீட்டிலும் ஊரிலும் இருக்கிறது.

படித்துவிட்டேன் என்னும் மயக்கம்

ஒரு மாணவி ஒளித்தொகுப்புப் பற்றிய குறிப்பை நான்கு தடவை வாசிக்கிறாள். முக்கிய வரிகளுக்கு நிறம் தீட்டுகிறாள். ஐந்தாம் தடவை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழக்கமானதாகத் தோன்றுகிறது. ‘இது எனக்குத் தெரியும்’ என்று கொப்பியை மூடிவிடுகிறாள். அப்போது எவரேனும் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, அதை ஐந்து வரியில் எழுதச் சொன்னால் இரண்டாம் வரியிலேயே பேனை நின்றுவிடும். திருவிழாவிலே தெரிந்த முகமொன்றைக் காண்கிறோரில் பலருக்கு அம்முகத்துக்குரிய பெயர் நாவில் வருவதில்லை. முகத்தை அறிவதும் பெயரைச் சொல்வதும் ஒன்றல்ல. வாசிப்பு முகத்தைப் பழக்குகிறது. பரீட்சையோ பெயரைக் கேட்கிறது.

2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினர். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மறு சாரார் வாசித்தபின் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களின் பின் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்நின்றனர். ஒரு வாரத்தின் பின் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டனர். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே.

இங்கேதான் படிப்பு முறை அறத்தோடு சேர்கிறது. பிறரிடம் பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குக் கற்பிக்கப்படுகிறது. தன்னிடமே பொய் சொல்லக்கூடாது என்பதை எவரும் கற்பிப்பதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளின் முன் இருக்கும் பிள்ளை தனக்குத் தானே சாட்சியாக இருக்கிறது. ‘இது தெரியும், இது தெரியாது’ என்று அங்கே உண்மை வெளிப்படும். அந்த உண்மை அப்போது சிறிது வலிக்கும். அந்த வலியைத் தவிர்ப்பதற்காகவே பலர் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். தவிர்த்த வலி வட்டியோடு வளர்ந்து பரீட்சை மண்டபத்தில் வந்து நிற்கிறது. பரீட்சைப் பயத்தில் ஒரு பகுதி, தனக்கு என்ன தெரியும் என்பது தனக்கே தெரியாத பயமாகும்.

இப்பயத்துக்கு மருந்து எளிது. ஒரு பாடத்தைப் படித்தபின் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதிப் பார்க்க வேண்டும். விட்டுப்போனதை மாத்திரம் திறந்து பார்க்க வேண்டும். அதே பாடத்தை மறுநாளும், ஒரு வாரத்தின் பின்னும், ஒரு மாதத்தின் பின்னும் இவ்வாறே மீட்க வேண்டும். 1885ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் எபிங்காஸ் தம்மையே பரிசோதித்து மறதியைப் பற்றி நூல் எழுதினார். மறதி முதலில் மிக வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதிலும் நாட்களைப் பிரித்துப் படிப்பது நிலைக்கும் என்பதும் அதனால் தெரியவந்தன. கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூட்டை முன்வைத்து, உரிய நேரத்துக்குள் எழுதிப் பழகினால் பரீட்சை மண்டபம் அந்நிய இடமாக இராது. பரீட்சைக்கு முதல் நாள் தேநீரைக் குடித்துக் குடித்து விடியும்வரை கண்விழிப்பதனால் இலாபமில்லை. படித்ததை மூளை நிலைப்படுத்துவது நித்திரையிலேதான்.

ரியூஷன் வகுப்புகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். விடிய ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, பின் பாடசாலை, பின்னேரம் ஒரு வகுப்பு, இரவிலே இன்னொரு வகுப்பு என்று சைக்கிளில் ஓடும் பிள்ளைக்குத் தனியே இருந்து எழுதிப் பார்க்க நேரம் ஏது? நல்ல ஆசிரியரிடம் கேட்பது சிறந்ததே. ஆனால் கேட்டதைத் தன்னுடையதாக ஆக்கும் தனிமை இல்லாவிட்டால், நாளெல்லாம் பந்தியில் இருந்தும் உண்ணாமல் எழுந்தவன் கதையாகிவிடும். ஒரு வகுப்பைக் கூட்டுவதற்கு முன், அதற்குரிய மீட்டல் நேரம் எங்கே இருக்கிறது என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

வீடு ஏற்றும் சுமை

இரண்டாவது வேர் வீட்டில் உள்ளது. அங்கே பேசப்படும் சொற்கள் பெரும்பாலும் அன்பினால் வருபவை. ஆயினும் அவை செய்யும் வேலை வேறு.

“தம்பி, நீ மூண்டு ஏ எடுத்தால் முருகனுக்குக் காவடி எடுக்கிறன் எண்டு நேந்திருக்கிறன்” என்று ஒரு தாய் சொல்கிறாள். அவளின் பக்தியிலோ பாசத்திலோ குறை சொல்ல முடியாது. ஆனால் மகனின் காதில் அது எவ்வாறு விழுகிறது? முன்பு பரீட்சையில் பிழைத்தால் புள்ளி மட்டுமே போகும். இப்போது அம்மாவின் நேர்த்தியும் பிழைக்கிறது, கடவுளும் கைவிட்டவராகிறார். பதினெட்டு வயதுத் தோளிலே காவடியை விடப் பாரமான ஒன்று ஏறிவிடுகிறது. நேர்த்தி வைப்பதாயின் பிள்ளையின் உடல்நலத்துக்கும் தெளிந்த மனத்துக்குமாக வைக்கலாம். பெறுபேறு எதுவாயினும் நிறைவேற்றுவதாக வைக்கலாம். பிள்ளையின் காதுக்கு எட்டாமலும் வைக்கலாம். இறைவனோடு செய்யும் உடன்படிக்கைக்குப் பிள்ளையைப் பிணையாக வைப்பது முறையன்று.

“நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள். உனக்கு என்ன குறை?” என்று ஒரு தந்தை கேட்கிறார். அவர் சொல்வது உண்மை. 1990ஆம் ஆண்டிலிருந்து பல வருடங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்தது. சிறிது எண்ணெயும் ஒரு திரியும் இட்ட போத்தலின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. 1995 அக்டோபர் இடப்பெயர்வின்போது உடுப்புப் பையோடு பாடப் புத்தகத்தையும் சுமந்து சென்ற பிள்ளைகள் உண்டு. அந்தத் தலைமுறையின் மனவுறுதி போற்றத் தக்கது. ஆனால் பட்ட துன்பம் அடுத்த தலைமுறைக்குக் கதையாகச் சொல்லப்பட வேண்டும், கடன்பத்திரமாக நீட்டப்படலாகாது. அந்தக் காலத்துப் பிள்ளைக்கு நாளை பரீட்சை நடக்குமா என்பதே நிச்சயமில்லை. அன்றிரவு எண்ணெய் தீருமுன் ஒரு பாடத்தை முடிப்பது ஒன்றே அதன் கையில் இருந்தது. அப்பிள்ளைகளிடம் கற்க வேண்டியது இதுவே.

பெற்றோரின் பயம் காரணமற்றது என்று எவரும் சொல்ல முடியாது. தோட்டக் காணியும் கிணற்று நீருமே சொத்தாக இருந்த குடும்பங்களுக்கு அரசாங்க உத்தியோகமும் பல்கலைக்கழகமுமே கதவுகளாக இருந்தன. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் அக்கதவை ஒடுக்கியதை அக்காலத்து மாணவர்கள் மறக்கவில்லை. போரும் இடப்பெயர்வும் சேமிப்பை அழித்தபோது கல்வி ஒன்றே பறிபோகாத சொத்தாக எஞ்சியது. இத்தனை ஆண்டுக் கவலையும் சேர்ந்தே இன்று ஒரு பிள்ளையின் மேசையில் வந்து இறங்குகிறது. அக்கவலையைப் பிள்ளை உண்டாக்கவில்லை. உண்டாக்காத கடனை அடைக்கும்படி பிள்ளையைக் கேட்பது நீதியாகுமா?

பலன் யாருடையது?

“பயமில்லாவிட்டால் பிள்ளை படிக்குமா? பலனை எண்ணாமல் எவர் பாடுபடுவார்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பகவத்கீதை பலனிற் பற்று வையாது கடமையைச் செய்யச் சொல்கிறது என்று பிரசங்கங்களிற் கேட்டவர்களே, வீட்டுக்கு வந்து “எத்தனை ஏ?” என்று கேட்பதும் உண்டு.

பலனில் பற்று வையாமை என்றால் பலனைப் பற்றி அக்கறையில்லாமை என்று பொருளாகாது. வெங்காயம் நடும் கமக்காரர் நல்ல விளைச்சலை விரும்பியே நடுகிறார். மண்ணைப் பதப்படுத்துவது, நேரத்துக்கு நீர் இறைப்பது, களை பிடுங்குவது அவரின் கடமை. மழை பிந்தி வந்து பயிரை அழுகச் செய்தால் அவர் நட்டமடைகிறார், துக்கப்படுகிறார். ஆனால் அவர் கெட்ட கமக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. உழைப்பு அவருடையது, விளைச்சலில் அவருடையதல்லாத பங்கும் உண்டு.

பரீட்சையும் அவ்வாறானதே. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001இல் அறிமுகமான இசட் புள்ளி முறையை எடுத்துக்கொள்வோர் இதை உணரலாம். ஒரு மாணவன் பெற்ற புள்ளி, அவ்வருடம் அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோரினதும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையே அது அளக்கிறது. ஒரே புள்ளி ஒரு வருடம் உயர்வாகவும் மறு வருடம் தாழ்வாகவும் ஆகலாம். அதன்மேல் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. தகுதி பெறுவோரில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமே இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2024 நவம்பரில் வெள்ளத்தினால் உயர்தரப் பரீட்சை தொடங்கிய சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. இவற்றில் எதுவும் மாணவரின் கையில் இல்லை. கையில் இல்லாததை வாக்குறுதியாகக் கேட்பது ஆகாது. இன்று மாலை ஒரு பாடத்தை மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்த்தாயா என்று கேட்கலாம். அதற்கு எந்தப் பிள்ளையும் பதில் சொல்ல முடியும்.

பரீட்சையை இகழ்வதும் சரியன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சையே உயர்த்தியது. விடைத்தாளிலே பெயர் இல்லை, சுட்டெண் மட்டுமே இருக்கிறது. எந்த ஊர், எந்தக் குடும்பம், என்ன வசதி என்பது திருத்துபவருக்குத் தெரியாது. அந்த ஏற்பாட்டில் பெரிய நீதி இருக்கிறது. அதே ஏற்பாடு இன்னோர் உண்மையையும் சொல்கிறது. அங்கே மதிப்பிடப்படுவது விடைத்தாள் மாத்திரமே, பிள்ளை மதிப்பிடப்படுவதில்லை. 75 புள்ளிக்கு ஏ, 74க்குப் பி என்பது தாளுக்குரிய கணக்கு. திணைக்களம் சுட்டெண்ணுக்குக் கொடுத்த எழுத்தை, வீடும் ஊரும் பிள்ளையின் நெற்றியில் எழுதிவிடுகின்றன. தவறு அங்கேதான் நிகழ்கிறது.

ஊரும் ஆலயமும் செய்யத் தக்கவை

பெறுபேறு வந்த மறுநாள் சந்தியிலே படங்களோடு பதாகைகள் எழுகின்றன. “உங்கட மகளுக்கு எத்தினை ஏ?” என்ற கேள்வி கடையிலும், கோயில் வாசலிலும், செத்தவீட்டிலும் கேட்கப்படுகிறது. ஆலய விழாக்களில் ஒன்பது ஏ எடுத்தவர்கள் மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள். திறமையைப் பாராட்டுவது நன்றே. ஆனால் மேடைக்குக் கீழே, மூன்றாம் வரிசையில், தலை குனிந்து இருக்கும் பிள்ளையையும் அதே இறைவனே படைத்தான். கடந்த வருடம் எஸ் எடுத்த பாடத்தில் இந்த வருடம் சி எடுத்தவரையும், தகப்பனில்லாத வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு பரீட்சைக்குத் தோற்றியவரையும் அதே மேடைக்கு அழைக்க முடியும்.

ஆலயங்களின் ஒலிபெருக்கிகளையும் சொல்லாமல் விட முடியாது. பரீட்சைக் காலத்தில் விடியற்காலை முதல் இரவுவரை பாட்டை ஒலிக்கவிட்டு, அதே பிள்ளைகளுக்காக விசேட பூசையும் செய்வது பொருந்துமா? அந்த வாரங்களில் ஒலியை ஆலய வீதிக்குள் அடக்கிக்கொள்வதும், மடத்தின் ஒரு மண்டபத்தை வெளிச்சத்தோடு மாலை வேளையில் படிப்பதற்குத் திறந்துவிடுவதும் ஆலயத்தின் தொண்டாகவே கருதப்பட வேண்டும்.

2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் கவலைகளை ஒரு தாளில் எழுதிய மாணவர்கள் முன்னிலும் சிறப்பாகச் செய்ததைக் காட்டியது. கவலையை வெளியே வைத்தால் மேசையில் இடம் கிடைக்கிறது. தாளில் எழுதுவதை ஒரு பெரியவரிடம் சொல்ல முடிந்தால் இன்னும் நன்று. அதற்குக் கேட்கும் காதுள்ள பெரியவர் வேண்டும். பெறுபேறு வெளியான நாட்களில் இளம் உயிர்கள் மாய்ந்த செய்திகளை இந்நாடு வாசித்திருக்கிறது. உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் ஒதுங்கும் பிள்ளையைச் சோம்பல் என்று ஏசாமல் அருகில் இருந்து கேட்க வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. அதை அழைப்பதில் வெட்கம் இல்லை.

ஆகவே, பரீட்சைப் பயம் யாருடையது என்ற வினாவுக்கு விடை இரண்டு பங்காகிறது. தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் நேர்மையாக அறிந்துகொள்ளாததால் வரும் பயம் பிள்ளையுடையது. அதை மூடிய புத்தகமும் வெற்றுத்தாளும் நீக்கும். பிறரின் அன்பையும் மதிப்பையும் இழந்துவிடுவோமோ என்று வரும் பயம் பிள்ளையுடையதன்று. அதைக் கொடுத்தவர்களே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் வினாத்தாளைப் பறித்துப் பார்க்குமுன், “களைச்சுப் போய் வந்திருக்கிறாய், முதல் சாப்பிடு ராசா” என்று சொல்வதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. ஏடு தொடக்கிய நாளில் கோணல் எழுத்தைக் கண்டு சிரித்த அதே முகங்கள், கடைசி விடைத்தாள் வரையிலும் அப்பிள்ளைக்கு முன் மாறாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தெளிந்த அறிவையும், பெரியோருக்குப் பொறுமையையும் இறைவன் திருவருள் நல்குவதாக.